விரல் உயரத்து மாப்பிள்ளை

பத்து வயதிலிருந்தே எனக்கு ஒரு வியாதி உண்டு. திடீரென்று எதிரே இருப்பதெல்லாம் சிறுத்துக்கொண்டே போகும். ஆட்டுரல் புளியங்கொட்டை அளவாகிவிடும். எங்கள் எருமை பூனைக்குட்டி போல நிற்கும். யாராவது பேசினால் காதில் விழும், பதில் சொல்ல வாய் வராது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதுவும் வலிப்பில் ஒரு வகைதான் என்று மதுரை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அம்மா தடை போட்டுவிட்டாள்.

தாடிக்கொம்புப் பக்கம் எங்களுக்குக் கத்தரித் தோட்டம். செம்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"குனிஞ்ச தல நிமிராமக் காப்பியக் குடுத்துட்டு உள்ள வந்துரு. வாயத் தொறந்தே, ஒனக்குக் கல்யாணமே கெடையாதுடி" என்று அம்மா காலையிலிருந்தே ஓதினாள். நான் என்றைக்கு வாயைத் திறந்தேனோ, அவளுக்குத்தான் வெளிச்சம்.

தட்டை நீட்டினேன். மாப்பிள்ளை கையை நீட்டினார். கை சிறுத்தது. அப்புறம் ஆளே சிறுத்துப்போனார். பெஞ்சில் ஒரு விரல் உயரத்து மனிதர், மீசையோடு! தம்ளருக்குள் விழுந்துவிடப் போகிறாரே என்று பயந்து தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"பொண்ணுக்குக் காப்பி குடுக்க மனசு வரல போல" என்றார் அவருடைய அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. என் கண் ஒரே இடத்தில் நிலைத்ததைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஓடி வந்தாள். தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த இரும்புச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பது ஊரறிந்த வைத்தியம். எனக்கு அதனால் ஒருநாளும் குணமானதில்லை. அன்றைக்கு அது வேறு வேலை செய்தது. வாயைத் திறக்காமலே அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "மதினி, சாவி எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

அம்மா சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குள் தெளிந்திருந்த நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"எனக்கு வலிப்பு இருக்கு. மாத்திர சாப்புடுறேன். அது வந்தா, பாக்குற ஆளு சின்னதாத் தெரியும்."

"எம்புட்டுச் சின்னதா?" என்றார் மாப்பிள்ளை.

சுண்டுவிரலைக் காட்டினேன்.

"அதுலயும் மீச தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"ஏலே, எந்திரி, போவோம்" என்றார் அவருடைய அம்மா.

"இரும்மா, இன்னும் காப்பியே குடிக்கல." தம்ளரை அவரே குனிந்து எடுத்துக்கொண்டார். குடித்தார், குடித்தார், அப்படிக் குடித்தார். அந்த நேரத்தில் ஒரு பாத்தி கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடலாம். அவருடைய அம்மா நின்று பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

செத்த நேரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மாவே என் அம்மாவிடம் கேட்டார். "அந்த மாத்திர திண்டுக்கல்லுலயே கெடைக்குதா, இல்ல மதுரைக்குத்தேன் போகணுமா?"