பச்சைக் கல்லில் ஒரு வேர்க்கடலை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக ஸ்கைவிங் மெஷினில் இருக்கிறேன். தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவது என் வேலை. இரண்டு தோலைச் சேர்த்து மடித்துத் தைக்கிற இடம் தடிக்காமல் இருக்க, ஓரம் காகிதம் மாதிரி ஆக வேண்டும். ஜாஸ்தி சீவினால் தோல் கிழியும். கம்மியாகச் சீவினால் ஷூ போடுகிறவர் காலைக் கடிக்கும். தடிமன் சரியா இல்லையா என்பதைக் கட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவேன். அந்த விரலுக்கு வேறு வேலையும் தெரியும் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ வந்தது.

அதில் ஒரு பெண்மணியின் கைகள் மட்டும் தெரிந்தன. ஜேட் என்கிற பச்சைக் கல்லில் நகம் அளவுக்கு ஒரு மீனைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உளியும் இல்லை, சுத்தியலும் இல்லை. வைரத்தூள் பூசிய சின்ன ஊசி ஒன்று சுழல்கிறது, அதன்மேல் தண்ணீர் சொட்டுகிறது, கல் துளித்துளியாகத் தேய்ந்துபோகிறது. இதுவும் சீவுகிற வேலைதானே என்று நினைத்தேன். சோற்றில் கை வைத்தபடியே மூன்று முறை பார்த்தேன். மணி அடித்தபோது பாதிச் சோறு அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் அவரிடம் வீடியோவைக் காட்டினேன்.

"கல்லை வாங்கி இன்னா பண்ணப் போற?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல. செஞ்சு பாக்கணும்னு ஆசையா இருக்குது."

"வியாபாரமா?"

"இல்லீங்க. சும்மா எனக்கு."

அவர் வீடியோவை இன்னொரு தடவை பார்த்தார். ஆனால் மீனைப் பார்க்கவில்லை. "அந்த மோட்டார் எவ்ளோ ஸ்பீடுல சுத்துது, பாரேன்" என்றார். ஆள் விழுந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

கல்லை ஆன்லைனில் வரவழைத்தேன். வெற்றிலைப் பச்சையில் சோப்புக் கட்டி அளவுக்கு வந்தது. உண்மையான ஜேடைக் கத்தியால் கீற முடியாது என்று படித்திருந்தேன். பழைய பிளேடு ஒன்றை எடுத்து ஓரத்தில் இழுத்தேன். வெள்ளையாகக் கோடு விழுந்தது. ஏதோ மிருதுவான கல், ஜேட் என்று பெயர் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அழுகையே வந்துவிட்டது. அவர்தான், "தூக்கிப் போடாதே. பழகறதுக்கு ஆச்சு" என்றார்.

அது நல்ல யோசனை. பழைய தையல் மெஷின் மோட்டாரையும் கால் பெடலையும் தேடிப் பிடித்து, அவரே எனக்கு ஒரு கருவி செய்து கொடுத்தார். கையில் பேனா மாதிரி பிடித்துக்கொள்ளலாம், பெடலை மிதித்தால் ஊசி சுழலும். தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று மோட்டாரை உயரத்தில் மாட்டி, வளைகிற கம்பியால் பேனாவோடு இணைத்து, கரண்ட் கசிந்தால் தானே அணைகிற டிரிப்பர் சுவிட்ச் ஒன்றும் போட்டார். தண்ணீர் சொட்ட என்ன செய்வது என்று இரண்டு பேரும் யோசித்தோம். மெடிக்கல் ஷாப்பில் போய், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபை வாங்கி வந்தேன். ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, டியூபின் திருகைத் திருகினால் வேண்டிய வேகத்தில் சொட்டியது. கல் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது என்பதால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மழைக்கோட்டு ஒன்றை முன்பக்கம் மாட்டிக்கொண்டு உட்காருவேன். முதல் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு பாயம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குமா உடம்பு சரியில்ல?" என்று பதறிப் போனார்.

அந்தப் போலிக் கல்லில் நான்கு மாதம் பழகினேன். மணி, இலை, ஒரு கோணல் வாத்து. பிறகு வேறு இடத்தில் விசாரித்து இன்னொரு கல் வரவழைத்தேன். சின்னது, சுண்டு விரல் நீளம். இந்தத் தடவை பிளேடை இழுத்தபோது சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வந்தது. இதுவும் போலியா என்று நினைத்தேன். ஆனால் ஈரத்துணியால் துடைத்ததும் கோடு போய்விட்டது. கல்லில் விழுந்த கீறல் இல்லை அது. பிளேடின் இரும்புதான் தேய்ந்து கல்லில் ஒட்டியிருக்கிறது. கல் பிளேடைத் தின்றிருக்கிறது. சமையல்கட்டில் நின்றுகொண்டு "நிஜம், நிஜம்" என்று நான் சொன்னது கடைவரைக்கும் கேட்டிருக்க வேண்டும், அவர் ஸ்பேனரும் கையுமாக ஓடிவந்தார்.

இதில் என்ன செதுக்குவது என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன். அந்த வாரம் ஒடுகத்தூர் பக்கம் இருக்கிற அம்மா வீட்டில் கடலை பிடுங்கினார்கள். அம்மா கொடுத்தனுப்பிய பையைக் கொட்டி உலர்த்தும்போது ஒரு காய் கையில் தட்டுப்பட்டது. இரண்டு பருப்புக் காய், நடுவில் இடுப்பு, மேலே வலை வலையாக நரம்பு, நுனியில் கிளி மூக்கு மாதிரி வளைவு. கல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீளம் அப்படியே பொருந்தியது.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கல்லில் இடுப்பு வந்தது, மூக்கு வந்தது. நரம்பு இழுக்கத் தொடங்கியபோதுதான் அதைக் கவனித்தேன். தண்ணீரைத் துடைத்த பிறகும் மேல் பாதியில் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு மட்டும் காயாமல் இருந்தது. விரிசல். தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்படியே விட்டுட்டா?" என்றார்.

"பாலிஷ் போடும்போது தெறிச்சிடும்."

"அப்போ இன்னா பண்றது?"

"விரிசல் எங்க வரைக்கும் போவுதோ அங்க வரைக்கும் போய்ப் பாக்கறேன். போனா போவட்டும்."

நுனியில் மெல்லிய சில்லு வைத்த ஊசியை மாட்டி, கோட்டின் மேலேயே வைத்து, மூச்சுக்கூட விடாமல் இறக்கினேன். நான்காவது தடவை இறக்கியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். மேல் பாதியின் ஒரு பக்கம் மூடி கழன்ற மாதிரி தனியாக வந்து, கீழே வைத்திருந்த தட்டுத் தண்ணீரில் விழுந்தது.

எல்லாம் போச்சு என்றுதான் கல்லைக் கழுவினேன். உள்ளே பச்சை இல்லை. விரிசல் ஓடிய இடம் முழுக்கச் செம்பழுப்பு. எத்தனை காலமாகவோ மண்ணின் துரு அந்தக் கோட்டு வழியாக உள்ளே ஊறியிருக்கிறது. வேர்க்கடலைப் பருப்பின் தோல் என்ன நிறமோ, அதே நிறம். இருக்க வேண்டிய அதே இடத்தில்.

கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள பருப்பு இருக்குது" என்று மெதுவாகச் சொன்னார்.

இனிமேல் செய்ய வேண்டியது தெளிவாகத் தெரிந்தது. ஓடு உடைந்து பருப்பு தெரிகிற காய். அந்தப் பழுப்பு நிறம் காகிதத் தடிமனுக்குத்தான் இருந்தது. அதைச் சுற்றி இருக்கிற பச்சையைக் குடைந்து எடுக்க வேண்டும், பழுப்பைப் பருப்பு மாதிரி உருண்டையாக்க வேண்டும், ஆனால் ஒரு நூல் ஜாஸ்தி போனால் நிறம் போய்விடும். இதுதான் பதினோரு வருஷமாக நான் தினமும் செய்கிற வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் பெடலை நிறுத்தி, கட்டை விரலால் தடவிப் பார்த்து, மறுபடி மிதித்தேன். சமையல் செய்யும்போதும் பஸ்ஸில் போகும்போதும் விரல் தானாகவே அந்தப் பருப்பைத் தடவிக்கொண்டிருந்தது. மெஷினில் என்னை அறியாமல் சிரித்துக்கொண்டிருப்பேன் போல, பக்கத்து மெஷின்காரி, "இன்னாக்கா, ஊர்ல இடம் கிடம் வாங்கிட்டியா?" என்று கேட்டாள்.

பாலிஷுக்குத் தோல்தான் வேண்டும் என்று படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். மரக்குச்சியில் தோலைச் சுற்றி, வைரப் பசையைத் தடவித் தேய்க்க வேண்டுமாம். ஆம்பூரில் இருந்துகொண்டு தோலுக்கா பஞ்சம். சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டு, கழிவுப் பெட்டியிலிருந்து துண்டுகள் எடுத்துக்கொண்டேன். கெட்டித் தோல் ஓட்டுக்கு, மிருதுவானது பருப்புக்கு. மூன்றாவது நாள் பச்சைக்குள்ளிருந்து எண்ணெய் பூசியது போல ஒரு பளபளப்பு எழுந்து வந்தது. கழுவித் துடைத்த பிறகும் அது போகவில்லை.

ஒரு ஞாயிறு, ஒடுகத்தூர் பஸ் ஏறி அம்மாவிடம் எடுத்துப் போனேன். அம்மா களத்தில் உட்கார்ந்து, விதைக்கு எடுத்து வைத்த கடலையை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நீட்டச் சொல்லி வைத்தேன்.

"சில்லுனு இருக்குதே. இன்னாடி இது?"

"கல்லு. நான்தான் செஞ்சேன்."

அம்மா அதை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். விரலிடுக்கில் உருட்டினாள். பாராட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். நரம்பை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "பத்து நாள் முன்னாடியே புடுங்கிட்ட" என்றாள்.

"இன்னாமா சொல்ற?"

"நரம்பு இன்னும் ஆழமா வுழுந்திருக்கணும். பருப்பு ஓடு நெறையல பாரு. இது முத்தாத காய்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கையில் இருந்தது அவளுக்குக் கல்லே இல்லை, கடலைதான். இத்தனை மாதத்தில் யாரும் எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டுச் சொன்னதில்லை. பிறகு அவள் பழுப்பைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு இன்னா சாயம் போட்ட?" என்றாள். சாயமே இல்லை, கல்லுக்குள்ளேயே இருந்தது என்று விரிசல் கதையை முழுக்கச் சொன்னேன். மூடி கழன்று விழுந்த இடம் வந்ததும் ஆய்கிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பக்கத்துக் களத்துப் பெண்களைக் கூப்பிட்டு, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல வைத்தாள்.

கிளம்பும்போது கல்லைக் கேட்டேன். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும். மேலத்தெருவுல இன்னும் யாரும் பாக்கல" என்றாள்.

இரண்டு மாதம் ஆகிறது. போன் செய்தால் தெருத் தெருவாகக் கணக்குச் சொல்கிறாளே தவிர, திருப்பித் தருகிற பேச்சே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. போன வாரம் புதுக் கல் வந்திருக்கிறது, இது கொஞ்சம் வெளுத்த பச்சை. பிளேடால் கீறிப் பார்த்தாகிவிட்டது, நிஜம்தான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஒரு மூலையில் மேகம் மாதிரி ஏதோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.