அட்டைப் படத்தில் இருக்கும் கை

அண்ணனின் ஆண்டுத் திதிக்கு நினைவு மலர் போட வேண்டும் என்று உறவினர்கள் சொன்னபோது, நமக்குத் தெரியாத அண்ணனா, ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது எனக்குத் தெரிந்த அண்ணன் யார் என்பதே குழப்பமாக இருக்கிறது. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது தேனிப் பக்கம் தேவாரத்தில். அப்பா தவறியபோது நான் சின்னப் பிள்ளை. அம்மாவின் தோட்டக் கூலி போதாமல், அண்ணன் பள்ளியை விட்டுவிட்டு போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போனார். மாலையில் ஒரு ஸ்டுடியோவில் தரை கூட்டி, படம் கழுவப் பழகி, பிறகு சொந்தமாகவே ஸ்டுடியோ வைத்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். தான் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஊரு கல்யாணத்த எல்லாம் பாக்குறேன்ல, போதும்" என்பார். தங்கைக்காகத் தியாகம் செய்தவர் என்று சொந்தத்தில் பேசிக்கொள்வார்கள். நானும் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன்.

மணமக்களை ஒட்டி நிற்கச் சொல்லி அண்ணன் ஒரு படமும் எடுத்ததில்லை. பந்தியில் எல்லோரும் இலையில் கவனமாக இருக்கும்போது, மாப்பிள்ளை தன் அப்பளத்தை மெல்லப் பெண்ணின் இலைக்குத் தள்ளுவார் பாருங்கள், அதை எடுப்பார். "கட்டாத மனுசனுக்கு இதெல்லாம் எப்படித்தேன் கண்ணுல படுதோ" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய பிடிவாதம். இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் தனிப் படம் இருக்காது. நாலு பேரோடு நிற்கும் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கித்தான் மாலை போடுவோம். தோளில் வேறொருவர் கை இருந்தால் மற்ற ஸ்டுடியோக்களில் அழித்துக் கொடுப்பார்கள். அண்ணன் அழிக்க மாட்டார். "கை வச்சவுக வந்து பாப்பாகள்ல" என்பார். சண்டை போட்டுவிட்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. வீம்பு பிடித்த மனுஷன் என்று நானே திட்டியிருக்கிறேன்.

கடைசியில் நெஞ்சில் நோய் கண்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூடவே இருந்தவர் டிரைவரண்ணன். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு அவருடையது. அண்ணன் மலைக்குப் படம் எடுக்கப் போவதும் அதில்தான். என் பிள்ளைகளுக்கு அண்ணன் ஸ்டுடியோ மாமா, இவர் ஜீப்பு மாமா. முகம் துடைத்ததும் கஞ்சி ஊட்டியதும் அவர்தான். நல்ல சிநேகிதம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த மலருக்காகத் தேடினால், ஊரையே படம் எடுத்தவருக்குத் தனிப் படம் ஒன்றுகூட இல்லை. டிரைவரண்ணன் ஒரு படம் கொண்டுவந்தார். ஏலச் செடிகளுக்கு நடுவே இருவரும் நிற்கிறார்கள். கேமராவைப் பாறைமேல் வைத்து அண்ணனே எடுத்தது. அண்ணன் தோளில் அவர் கை. அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணன் ஏன்ணே கல்யாணம் முடிக்கல?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னாலதேன் ஆத்தா."

"நீங்க தடுத்தீகளா?"

"தடுக்கல. நான் இருந்தேன்ல."

எனக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் கோபம்தான் வந்தது. கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அண்ணன் எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மலைப் படங்களின் ஓரத்தில் ஜீப்பு நிற்கும். அதை ஒதுக்கி எடுத்திருக்கலாமே என்று முன்பு குறை சொல்வோம். இப்போது மூடுபனியும் காய் பறிக்கும் பெண்களும் என் கண்ணில் படுவதே இல்லை. ஜீப்புதான் படுகிறது. பந்தியில் எடுத்த அந்த அப்பளப் படமும் அப்படித்தான். ஊர் பார்க்காத நேரத்தில் பிரியம் காட்டியே பழகியதால் அது அண்ணனுக்குத் தெரிந்ததா? இல்லை, நல்ல போட்டோகிராபர் யாருக்குமே அது தெரிந்திருக்குமா? டிரைவரண்ணனிடமே ஜீப்பைப் பற்றிக் கேட்டேன்.

"ரோட்டுல அங்கனதேன் எடம் இருக்கு ஆத்தா. வேற எங்க நிப்பாட்ட?" என்றார். சிரிப்பு வந்தது. குழப்பம் தீரவில்லை.

அச்சகத்தில் மலரை வடிவமைக்கும் பெண் அண்ணனை மட்டும் தனியாக வெட்டி எடுத்துவிட்டு, "அந்தக் கைய அழிச்சிரவாக்கா?" என்று கேட்டாள். "அழிச்சிரு. நாலு பேரு நாலு விதமா பேசுவாக" என்றார் என் வீட்டுக்காரர். நான் டிரைவரண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் எழுதினா உங்களுக்குச் சங்கடமாண்ணே?"

"எனக்கு என்னத்தா, வயசாயிருச்சு. பேரும் மூஞ்சியும் மட்டும் வேணாம். சொந்தத்துக்கு நீதேன் பதில் சொல்லணும், யோசிச்சுக்க."

கையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணனுக்குத் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த ஏலக்காய்க் கடை நண்பர்களுக்கும், அம்மாவை இன்றுவரை தனியாக விடாத அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டிரைவரண்ணனுக்கு எந்த முறை சொல்லி நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைகள் எப்போதோ மாமா என்று முறை வைத்துவிட்டார்கள். அதையே நானும் எழுதுகிறேன். ஜீப்பு மாமாவுக்கு நன்றி.

அட்டையில் அண்ணன் தோளில் ஒரு கை இருக்கும். வெட்டத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான்தான் இருக்கட்டும் என்றேன்.