அம்மாவின் கீழ்க்குரல்

படிகாரக் கல்லை ஈரக் கன்னத்தில் தேய்க்கும்போது எழும் வாசனையும், எதிர்க் கிடங்கில் மூட்டை பிரித்துக் கொட்டிய சுக்கின் காரமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் தும்மல் வருவதற்கு முன்னால் ஒரு பாட்டு வந்துவிடும். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் என் அப்பா வைத்திருந்த சலூனில், எழுபதுகளின் கடைசியில், சாயங்கால வேளைகளில் நான்கு ஆண்கள் கண்ணாடியைப் பார்த்தபடி நின்று பாடுவார்கள். அது பஜனையும் இல்லை, கச்சேரியும் இல்லை. நான்கு பேரும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு சுரங்களில் பாடுகிற அந்தச் சங்கதிக்குத் தெருவில் "சலூன் பாட்டு" என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான், ஆனாலும் அதுவே நிலைத்துவிட்டது.

அது எங்கள் சலூனுக்கு வந்தது கப்பலில். வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் என்ஜின் பழுதாகி ஒரு மாதத்துக்கு மேல் கட்டிக் கிடந்த ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரர், தாடி மழிக்க அப்பாவிடம் தினமும் படகில், எங்கள் பேச்சில் போட்டில், ஏறி வருவார். வெள்ளைக்காரரை அங்கே அழைக்கிற "சாயிப்பு" என்பதைத் தவிர அவருக்கு நாங்கள் வேறு பெயர் வைக்கவில்லை. அவர் ஊரில் முடிவெட்டும் கடைகளில் முறைக்குக் காத்திருப்பவர்கள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து இப்படிப் பாடுவார்களாம். ஒருவர் மெட்டைப் பிடிக்க, ஒருவர் அதற்கு மேலே, ஒருவர் அதற்கு அடியில், நான்காமவர் இடையில் விட்டுப்போன இடத்தில். இதைக் கையாலும் கத்தரிக்கோலாலும் ஜாடை காட்டியே அவர் அந்த ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, கப்பல் சரியானதும் போய்விட்டார்.

மெட்டைப் பிடித்தவர், பக்கத்துச் சாயாக் கடை யூசுப் இக்கா. மேல்குரல் அப்பாவுடையது. அப்பாவுக்குக் கீச்சென்ற மெல்லிய குரல், அதற்குத் தகுந்தபடிதான் மற்ற மூவரும் சுருதியை ஏற்றி வைத்துக்கொண்டார்கள். நடுக்குரல், மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதும் பாலக்காட்டு மணி மாமா. சாயிப்பு விட்டுப்போன மெட்டுக்கு "போட்டு போயாச்சு, கரையில நான் நிக்கேன், அடுத்த போட்டு வரும்வரை என்னோட பேசேன்" என்று வார்த்தை போட்டவரும் அவர்தான். கீழ்க்குரல், துறைமுகத்தில் சுமை ஏற்றும் அந்தோணி சேட்டன். நான்கு குரலும் அந்தந்த இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தால், கண்ணாடிப் பலகையில் இருக்கும் பித்தளைத் தண்ணீர்க் கிண்ணம் யாரும் தொடாமலே "ங்ங்ங்" என்று முனகும். ஒருவர் ஒரு நூலளவு பிசகினாலும் வாயைத் திறக்காது. "கிண்ணம் பேசிட்டு" என்று அப்பா சொன்னால்தான் அன்றைய பாட்டு முடியும்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பெயர் செல்லம். சலூனுக்குப் பின்னால் ஒரு துணித்திரை, திரைக்குப் பின்னால் எங்கள் வீடு, அந்த வீட்டுக்குள் அம்மா. அவளுக்குக் கனத்த, அடித்தொண்டைக் குரல். திருநெல்வேலிப் பக்கம் அவள் பிறந்த ஊரில், முதன்முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்ல, அவள் ஒரு வரி பாடினாளாம். "ஆம்பளக் குரலால்ல இருக்கு" என்று மாப்பிள்ளையின் அத்தைக்காரி சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்ததாம். பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனார்கள் என்று இதைச் சொல்லும்போதெல்லாம் என் பெரியம்மா பல்லைக் கடிப்பாள். அன்றோடு அம்மா பாட்டை மட்டுமல்ல, பேச்சையும் அடக்கிக்கொண்டாள். கோயில் பஜனையில் உதட்டை மட்டும் அசைப்பாள். கடைக்குப் போனால் என் காதில் கிசுகிசுப்பாள், நான் சத்தமாக "கால் கிலோ துவரம்பருப்பு" என்பேன். எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மாவின் வாய் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக் கனமும் உண்டு.

எங்கள் பகுதி வாசகசாலையில் ஆண்டுதோறும் குழுப்பாட்டுப் போட்டி நடக்கும். சலூன்காரர்கள் இரண்டு முறை மேடையேறினார்கள், இரண்டு முறையும் சபை சிரித்தது. "எந்தா இது, ஆளுக்கொரு பாட்டோ?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்க, அதற்கும் ஒரு சிரிப்பு. சேர்ந்து பாடினால் எல்லோரும் ஒன்றுபோலத்தான் பாட வேண்டும் என்று பழகிய காதுகளைக் குறை சொல்லியும் பயனில்லை. மூன்றாவது வருஷம் பெயர் கொடுக்கப் போனபோது வாசகசாலைச் செயலாளர், இந்த முறையும் கூத்தானால் இனிமேல் சேர்க்க மாட்டோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பினார். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தோணி சேட்டனுக்கு துபாய் விசா வந்தது. அவர் அழுதுகொண்டே சிரித்தார், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு சலூனில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு அடங்காது. முடிவெட்ட வந்த தடித்த குரல்காரர்களை எல்லாம் அப்பா நாற்காலியிலேயே பிடித்து வைத்துப் பாடச் சொன்னார். மீன் மார்க்கெட்டில் ஏலம் கூறுபவர் வந்தார், படகு ஓட்டுபவர் வந்தார். எல்லோரும் முதல் வரியைக் கீழே தொடங்கி, இரண்டாம் வரியில் யூசுப் இக்காவின் மெட்டோடு போய் ஒட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் இனிமையான மெட்டு ஓடும்போது, நீ பாட்டுக்கு உன் கீழ்ச் சுரத்தில் நிற்பது லேசான காரியம் இல்லை. "கீழ்க்குரலுக்குத் தொண்டை வேண்டாம்வே, பிடிவாதம் வேணும்" என்று அப்பா கத்தியைத் துடைத்தபடி அலுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. ஐந்து நாள்தான் மிச்சம். மூன்று பேரும் கீழ்க்குரல் இல்லாமலே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அம்மா ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள், நான் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது சலூனில் கிண்ணம் முனகியது. மூன்று பேர் பாடி கிண்ணம் பேசியதே இல்லை. நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். குழவியைச் சுற்றியபடியே, தான் பாடுவது தனக்கே தெரியாமல், "கரையில நான் நிக்கேன்" என்று அந்தோணி சேட்டனின் இடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள் அவள். வருஷக்கணக்காகத் திரை வழியே கேட்டது உள்ளே அப்படியே இறங்கியிருக்கிறது. நான் எழுந்து, மாவுக் கையோடு, திரையை ஓர் இழுப்பு இழுத்தேன்.

மூன்று ஆண்களும் வாய் பிளந்து நின்றார்கள். "சேச்சி, நிங்களாணோ?" என்றார் யூசுப் இக்கா. அம்மா முகம் வெளுத்து, மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மணி மாமாதான் முதலில் சுதாரித்தார். "எந்துக்கு வாயைப் பொத்திக்கறேள்? தேடின குரல் ஆத்துக்குள்ளேயே இருக்கே" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு, அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். ஊரே சிரிக்கும், ஒருமுறை சிரித்தது போதாதா என்று உள்ளேயிருந்து கிசுகிசுப்பு மட்டும் வந்தது.

அப்பா அவளை வற்புறுத்தவில்லை. அடுப்பங்கரை வாசலில் போய் நின்று, எங்கள் யாரையும் பொருட்படுத்தாமல் பேசினார். "செல்லம், அன்னைக்குச் சிரிச்ச கூட்டத்துல நானும் இருந்தேன், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமா வந்தேன். நான் சிரிக்கல. பொட்டைக் குரல்னு என்னைப் பாத்துச் சிரிக்காத ஆள் ஊர்ல கிடையாது, நான் எப்படிச் சிரிப்பேன்? மறு வாரமே நான் வந்து கேட்டேன்ல, பாவம் பாத்துக் கேட்டேன்னு நெனச்சிட்டிருக்கியா? அந்தக் குரலுக்குத்தான் கேட்டேன். பன்னிரண்டு வருஷமா இன்னொருக்காக் கேக்கலாம்னு காத்துக் கிடக்கேன்." அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது. அவள் அதை இறக்கிவைத்துவிட்டு, இத்தனை நாள் இதைச் சொல்ல வாயில் கொழுக்கட்டையா இருந்தது என்று கேட்டாள். கிசுகிசுப்பாகக் கேட்கவில்லை. முழுக் குரலில் கேட்டாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பஜாரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள்: கொங்கணிகள், குஜராத்திகள், மாப்பிள முஸ்லிம்கள், எங்கள் தமிழ்க் கூட்டம், எல்லோரும். மூன்று ஆண்களுக்கு நடுவில் நீலச் சேலையில் அம்மா ஏறியதும் சலசலப்பு எழுந்தது. அப்பா கிண்ணத்தை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அதையும் கொண்டுவந்து, மைக்குக்கு அடியில் ஒரு முக்காலியில் வைத்தார். அதற்கே ஒரு சிரிப்பு. அப்பாவின் கீச்சுக்குரல் மேலேயும் அம்மாவின் குரல் கீழேயும் கிளம்பியபோது கூரையே பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள். "புருஷனும் பெண்டாட்டியும் தொண்டையை மாத்திக்கிட்டாங்க" என்று யாரோ கூவினார்கள். யூசுப் இக்காவின் குரல் ஒரு கணம் ஆடிற்று.

அம்மா ஆடவில்லை. எங்கள் அம்மாவின் பிடிவாதம் லேசுப்பட்டது இல்லை. கண்ணை எதிர்ச் சுவரில் குத்திக்கொண்டு, சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று, தன் சுரத்தில் காலூன்றி நின்றாள். அவளைப் பிடித்துக்கொண்டு யூசுப் இக்கா நிமிர்ந்தார், மணி மாமா தன் இடத்துக்கு வந்தார், அப்பா மேலே ஏறினார். "அடுத்த போட்டு வரும்வரை" என்று நான்கு பேரும் இழுத்து நிறுத்தியபோது, முக்காலியில் இருந்த கிண்ணம் பேசியது. மைக் அதைப் பிடித்து, வாசகசாலை முற்றத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி முழுக்க நிறைத்தது. யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேடையிலிருந்து வந்ததைச் சபை முழுதும் கேட்டது. சிரிப்பு நின்றது. பின்வரிசைக்காரர்கள் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எழுந்து நின்றார்கள், எழுந்தவர்கள் பாட்டு முடியும்வரை உட்காரவில்லை.

கைதட்டலைப் பற்றி நான் பெரிதாகச் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். பரவாயில்லை, பெருமைதான். மறுபடியும் பாடச் சொல்லி, அவர்கள் மறுபடியும் பாடி, கிண்ணம் மறுபடியும் பேசியது. முதல் பரிசு எங்களுக்கு. நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற பேண்டுக்காரர் ஒருவர் மேடைக்கு வந்து அம்மாவைக் கும்பிட்டு, இந்தச் சப்தம் கிடைக்க நான் எத்தனை வருஷம் அலைந்திருக்கிறேன் தெரியுமா என்று மலையாளத்தில் சொன்னார். செயலாளர் கோப்பையை அப்பாவிடம் நீட்ட, அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணால் அம்மாவைக் காட்டினார். அம்மா கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது யூசுப் இக்காவின் கடை எதிரில் தெரிந்தது. அவர் மகன் அடுப்படியில் நின்றிருந்தான். வழக்கம்போல் அம்மா என் பக்கம் குனிவாள் என்று நான் காதைக் கொடுத்தேன். அவள் குனியவில்லை. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே, கைவண்டிக்காரன் திரும்பிப் பார்க்க, "மோனே, அஞ்சு சாயா. ஒண்ணுல சீனி தூக்கலா" என்றாள். அன்றோடு எனக்கு வேலை போயிற்று. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

எண்பதுகள் பாதி வரைக்கும் சலூன் பாட்டு நடந்தது. துபாயிலிருந்து லீவில் வந்த அந்தோணி சேட்டன் தன் இடத்தைக் கேட்டபோது, "அது இப்ப என் இடம்லா, நீங்க வேணும்னா தாளம் போடுங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவரும் தொடையில் தாளம் போட்டார். இப்போது அந்தக் கடையில் சுற்றுலாக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கிறார்கள், எதிர்க் கிடங்கு காபிக் கடையாகிவிட்டது, சுக்கு வாசனை கிடையாது. முடிவெட்டப் போகிறவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா இல்லை, மணி மாமா இல்லை, யூசுப் இக்காவும் போன மழைக்காலத்தில் போய்விட்டார்.

அம்மா என்னோடு எர்ணாகுளம் தேவராவில், ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். வங்கியிலிருந்து போன் செய்கிற பெண்கள் அவள் குரலைக் கேட்டு "சார்" என்கிறார்கள். "சார் இல்ல மோளே, நான் கீழ்க்குரல்" என்று அவள் சொல்வதைக் கேட்டு அந்தப் பெண்கள் என்ன புரிந்துகொள்கிறார்களோ தெரியாது. நேற்று சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தன் பங்கை மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். தனியாகக் கேட்டால் அது பாட்டே இல்லை, மூன்று சுரம் போய்ப் போய் வரும், அவ்வளவுதான். நான் யூசுப் இக்காவின் மெட்டைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் கடைசி வரியை இழுத்து நிறுத்தி, அலமாரியில் இருக்கும் கிண்ணத்தைப் பார்த்தோம். அது வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு எண்பது வயதாகிறது. அவள் கொஞ்சமும் அசராமல், மாடிப்படி வரைக்கும் கேட்கிற குரலில், "ரெண்டு பேருக்கு அது எப்படிப் பேசும்? போய் இன்னும் ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வா" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனேன்.