அப்பாவுக்குச் சொல்லாத செய்தி

காலை ஒன்பது மணிக்கு மிங்கலாடோன் விமான நிலையத்தில் இறங்கும்போதே எனக்கு அலுத்துவிட்டது. டெல் அவிவிலிருந்து பாங்காக், அங்கே விடிய விடிய நாற்காலித் தூக்கம், பிறகு ரங்கூன். விடுமுறைக்கு நாகர்கோவில் வராமல் பர்மாவுக்குப் போகிறேன் என்றதும் அம்மா பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அனுப்பியது மிரியம். இஸ்ரேலில் நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும், தொண்ணூறைத் தாண்டிய பெண்மணி. ரங்கூனில் யூதக் குடும்பத்தில் பிறந்தவள். இஸ்ரேல் உருவானதும் அண்ணன் தாவீதோடு கப்பலேறினாள். நாடு பிறந்த கையோடு மூண்ட போரில் தாவீது இறந்துவிட்டான். ரங்கூனிலேயே தங்கிவிட்ட அப்பாவிடம் அவர் சாகும்வரை அதைச் சொல்லவில்லை. அவர் கேட்டபோதெல்லாம் “நலம்” என்றே பதில். தான் கண்மூடுமுன் அப்பாவுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இப்போது பிடிவாதம்.

இஸ்ரேலில் சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், போரில் இறந்தவர்களுக்கானது. காலை பதினொன்றுக்கு நாடெங்கும் இரண்டு நிமிடம் சங்கு ஊதும். கார்கள் நின்றுவிடும், ஆட்கள் இறங்கி அசையாமல் நிற்பார்கள். இன்று அந்தச் சங்கு போனில் கேட்கும்போது அப்பாவின் கல்லறையில் நான் செய்தியைச் சொல்ல வேண்டும். ரங்கூனில் அப்போது பிற்பகல் இரண்டரை.

டாக்ஸிக்கு இருபதாயிரம் கியாட். ஓட்டிய கோ ராஜு (‘கோ’ என்றால் அங்கே அண்ணன்) தமிழர். “பகோடா பாக்காம யூதக் கல்லறைக்கா? நல்ல டூர்தான் அக்கா!” என்று வழியெல்லாம் கிண்டல். சிரிக்கத் தெம்பில்லை.

கல்லறைத் தோட்டத்தைக் கூட்டுகிற செல்வி, தமிழர்கள் நிறைந்த தாமுவே பகுதியில் குடியிருப்பவள், புல்லை விலக்கிக் கல்லைக் காட்டினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மிரியமின் வீடியோ அழைப்பு வந்தது. போனைக் கல்லை நோக்கிப் பிடித்தேன். போனில் சங்கு ஊதியது.

செல்வி துடைப்பத்தைப் போட்டுவிட்டு என்னைக் கீழே இழுத்தாள். “படுங்கக்கா! லேயின் வருது, பிளேன், குண்டு போடுவான்!”

சீராக ஊதினால் நிற்க வேண்டும், ஏறி இறங்கினால் ஓட வேண்டும் என்று இஸ்ரேலில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பர்மாவின் கயா மாநிலத்தில், புருஷனின் ஊரில், ராணுவத்தின் விமானக் குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த செல்விக்குத் தெரிந்தது ஓடச் சொல்லும் சங்கு மட்டும். கல்லறையோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம் முடிந்துபோயிற்று.

“யார் அழுவது?” என்றாள் மிரியம் போனில்.

நடந்ததைச் சொன்னேன். “இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை, மிரியம். இப்போது சொல்லட்டுமா?”

மிரியம் கல்லை இன்னும் நெருக்கமாகக் காட்டச் சொன்னாள்.

“வேண்டாம். அப்பா இன்னும் ஒரு வருஷம் நிம்மதியாக இருக்கட்டும்.”