சேவல் நீங்கலாக

எங்கள் நகரில் பதினோரு வீடுகள், ஒரு சேவல். சேவல் என் படுக்கையறைச் சன்னலுக்கு நேரெதிரே, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மூன்றே முக்காலுக்கு முதல் கூவல். விடிவதற்குள் இருபத்தாறுக்குக் குறைந்ததில்லை.

நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் வழியில், கரும்பு நின்ற நிலத்தை மனை போட்டு விற்றார்கள். நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். மலை வண்டி இரண்டு நிமிடம் பிந்தினாலே எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்து வீட்டை, வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து சாமை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அம்மாள் வாங்கினார். சேவலும் கூடவே இறங்கி வந்தது.

இந்த நேரத்தில்தான் நலச்சங்கம் தொடங்கினோம். செயலாளர் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். "விதிமுறைய நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார். நீங்க படிச்சவரு, டைமும் ஜாஸ்தி" என்றார். உடனே ஒப்புக்கொண்டேன். என் நோக்கம் ஒன்றே ஒன்று. அது மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

எதையும் அடியிலிருந்து செய்தால்தான் எனக்கு நிம்மதி. நாட்டின் அரசியலமைப்பையே தமிழில் வாங்கி வந்து பென்சிலோடு உட்கார்ந்தேன். சட்டம் படிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முகப்புரை முழுவதும் ஒரே வாக்கியம். அதை ஒரே மூச்சில் படித்துப் பார்க்கலாம் என்று குரலெடுத்தவன், பாதியில் இருமி நின்றேன். மூன்றாம் முறைதான் கரை சேர்ந்தேன். எழுதியது யார் என்பதை அது முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. நாம்தான். அதாவது நானும், பாயும், அந்த அம்மாளும்.

உரிமைகள் பகுதி இன்னும் சுவாரசியம். பேச்சுரிமை உண்டு என்கிறது. அடுத்த பத்தியிலேயே அதற்கு வேலி போடுகிறது. கல்யாணப் பந்தியில், "கேட்டதெல்லாம் போடுப்பா" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பரிமாறுகிறவனுக்குக் கண்ணைக் காட்டும் பெண்வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். ஓரிடத்தில் குடிமக்கள் என்கிறது, வேறோரிடத்தில் எந்த ஆளும் என்கிறது. ஒரு சொல் மாறினால் உள்ளே வருகிறவர்கள் மாறிவிடுகிறார்கள். சேவல் குடிமகன் அல்ல, ஆளும் அல்ல. இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு நிம்மதியாக மேலே படித்தேன். கடமைகள் பகுதி வந்தது. உயிரினங்களிடம் பரிவு காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்றிருந்தது. புத்தகத்தை மூடி வைத்தேன். வேறு யாரும் இதுவரை படித்து வரமாட்டார்கள் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியடியில் கூடினோம். ஏழாம் விதியை வாசித்தேன்: இரவு பத்து முதல் காலை ஐந்து வரை எந்த ஆளும், எந்த ஆளின் உடைமையும் ஒலி எழுப்பக் கூடாது; மீறுபவர் அடுத்த கூட்டத்துக்கு டீயும் வடையும் தர வேண்டும். சேவல் என்ற சொல்லே அதில் இல்லை. சட்டம் தனியாக ஒருவரைப் பெயர் சொல்லிச் சுட்டக் கூடாது என்பது அந்தப் புத்தகத்தில் நான் கற்ற நாகரிகம்.

"சார், நாலரைக்குத் தொழுவப் போறேன். ஸ்கூட்டர எடுத்தா சத்தம் வருமே?" என்றார் பாய். ஸ்கூட்டர் நீங்கலாக என்று சேர்த்தேன்.

"என் பசு கத்துனா நான் இன்னா பண்ண?" என்றார் எதிர்வீட்டுக்காரர். பசுவும் நீங்கலாக. தண்ணீர் மோட்டாரும் நீங்கலாக.

அந்த அம்மாள் எழுந்தார். "எல்லார் வூட்டுதும் நீங்கலாகன்னா, எஞ்சேவல் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? அவ்ளோ பெரிய புக்கு படிச்சிக்கினு இருக்கீங்களே சார், அதுல கோழி குருவி பத்தி ஒண்ணுமே இல்லியா?"

அவ்வளவு பெரிய புத்தகத்தில் அந்த ஓர் இடத்தைத்தான் கேட்க வேண்டுமா? வராத வண்டியை வந்ததாக நான் ஒருநாளும் குறித்ததில்லை. "இருக்கிறது" என்றேன். வாசித்தும் காட்டினேன்.

"போச்சுடா! யார் பக்கம் சார் நீங்க?" என்று பாய் தலையில் கை வைத்தார். சேவலும் நீங்கலாக என்று விதி நிறைவேறியது. என் தூக்கத்தை நானே எழுதி, நானே வாசித்து, நானே பறிகொடுத்தேன்.

மூன்றே முக்காலுக்கு எழுந்தவன் என்ன செய்வது? விட்ட இடத்திலிருந்து படித்தேன். வாய்விட்டுப் படித்தால்தான் அந்த நீள வாக்கியங்களின் நடை பிடிபடுகிறது. இரண்டு வாரம் போயிருக்கும். அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாள் புகார் கொடுத்தார், விதி ஏழின்படி, என்மேல். நான் ஆள்தான். எனக்கு விலக்கும் இல்லை. இருபத்திரண்டு வடை வாங்கி வந்தேன்.

"உங்கள் சேவல் கூவும்போது வராத தொந்தரவு, நான் படித்தால் வருகிறதா?" என்று கேட்டேன்.

"அது பழகிப்போச்சு சார், தூங்கிடுவேன். நீங்க பாதியில நிறுத்திடுறீங்களே! குடியரசுத் தலைவர நீக்கணும்னு ஆரம்பிச்சீங்க, அப்புறம் காபி குடிக்கப் பூட்டீங்க. நீக்குனாங்களா இல்லியான்னு மனசு அடிச்சிக்கினு இருக்குது. படிச்சா முழுசா படிங்க."

பாய் வடையை மென்றுகொண்டே தீர்வு சொன்னார். "விதி ஏழுக்குத் திருத்தம் போட்ரலாம். சேவல், சார் நீங்கலாக."

சேவலோடு என்னை ஒரே வரியில் வைக்கக் கூடாது, எனக்குத் தனி உட்பிரிவு வேண்டும் என்று வாதாடினேன். வாக்கெடுப்பு நடந்தது. பத்துக்கு ஒன்று. அந்த ஒன்று நான்.