நனையாத கம்பளித் தொப்பிகள்

என் அண்ணன் லெஸ்டரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நண்டு பிடிக்கப் போகாத மாதங்களில் வீட்டுக்கும் படகுத்துறைக்கும் நடந்துகொண்டே இருப்பான். சைலஸ் பிறந்த பிறகு அந்த நடைக்கு ஒரு காரணம் கிடைத்தது. துறையில் நண்டுக் கூண்டு சரிசெய்கிறவர்களிடம் மகனைப் பற்றிப் பீற்றிக்கொள்ளலாம்.

எங்கள் ஃபோகோ தீவில் ஆண் குழந்தை என்று தெரிந்தால் பெண்கள் சின்னச் சின்னக் கம்பளித் தொப்பிகள் பின்னித் தருவார்கள். தலைக்கு அல்ல. டயப்பரைக் கழற்றியதும் பையன்கள் நம் முகத்தில் பீச்சிவிடுவார்கள். அதைத் தடுக்க மேலே கவிழ்த்து வைப்பதற்கு. சைலஸுக்கு வந்த தொப்பிகளில் ஒன்றுகூட நனையவில்லை.

"என் பையன் ஜென்டில்மேன்டா. ஒரு தடவகூட என்மேல அடிச்சதில்ல," என்றான் லெஸ்டர்.

"அப்ப உன் பையன்தானான்னு நல்லாப் பாத்துக்க," என்றார் அவனோடு படகில் போகும் கார்மன். எல்லோரும் சிரித்தோம்.

டயப்பர் எப்போதும் ஈரமாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, மிச்சம் உள்ளேயே தேங்குகிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மார்ச்சில் குழந்தை பால் குடிக்க மறுத்தது. உடம்பு கொதித்தது. கிளினிக் நர்ஸ் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். அது பந்துபோலக் கெட்டியாக இருந்தது.

"ஒண்ணுக்குப் போனா பீச்சி அடிப்பானா?"

"என் பையன் ஜென்டில்..." என்று ஆரம்பித்த லெஸ்டர் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பொறக்கும்போதே பாதையில ஒரு சவ்வு அடைச்சிருக்கும்போல. தேங்குன மூத்திரம் மேல ஏறி கிட்னியக் கெடுத்துடும். உடனே செயின்ட் ஜான்ஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க," என்று சொல்லி, தேங்கியது வடிய மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்.

மூடுபனியில் ஹெலிகாப்டர் வர வழியில்லை. அக்கரைக்குப் போகும் ஃபெரிக் கப்பலில் ஏறினோம். பாதிக் கடலில் பனிக்கட்டி சூழ்ந்து ஃபெரி நின்றுவிட்டது. லெஸ்டர் மேல்தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். அண்ணி டார்லீன் குழந்தையைப் போர்த்தி அணைத்தபடி கதவருகே வந்தாள்.

"உள்ள வா லெஸ்டர். நீ நடந்தா கப்பல் நகருமா?"

"நின்னா மட்டும் நகருமா?"

பனிக்கட்டி விலகி நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது சைலஸுக்கு அழவும் தெம்பில்லை. காய்ச்சல் இறங்கிய பிறகு, மூத்திரப் பாதைக்குள் சின்னக் கேமராவை விட்டு அந்தச் சவ்வை எரித்தார்கள். அடைப்பு போய்விட்டது. இடது கிட்னி பழுதாகியிருந்தது. அது எவ்வளவு தாங்கும் என்பது அவன் வளர வளரத்தான் தெரியுமாம்.

குழாயை எடுத்த பிறகு டயப்பரை லெஸ்டர்தான் கழற்றினான். தொப்பியை வைக்காமல் முகத்தைக் குனித்துக் காத்திருந்தான். நேராக அவன் தாடியில் வந்து அடித்தது.

"தொடைச்சிக்க, அசிங்கமா இருக்கு," என்றாள் அண்ணி.

"இருக்கட்டும்," என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகும் டயப்பர் மாற்ற வேறு யாரையும் விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கிறான், பார்த்ததும் மூச்சு விடுகிறான். பிறகு அடுத்த டயப்பர் வரைக்கும் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடக்கிறான்.