முதல் பிடி

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே, மேகம் வழி தவறி வந்தால் மட்டும் நனைகிற ஒன்றரை ஏக்கர் செம்மண் தெய்வநாயகியுடையது. கணவன் இறந்து ஒன்பது வருடமாக அவள்தான் பாடுபடுகிறாள். மூன்று வருடமாகக் கடலை பொய்த்துவிட்டது. இந்த ஆடியும் காடு விளையாவிட்டால் கோழிப்பண்ணை போட விட்டுவிட வேண்டியதுதான் என்று அண்ணன் தீர்த்தகிரி முடிவாகச் சொல்லிவிட்டார். கோழிகள் மழைக்கு அண்ணாந்து பார்ப்பதில்லை.

அதனால்தான் மானாவாரிப் பயிற்சிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். விதை போடும் பெண்களுக்குத் தலைவியான குப்பாயியையும் இழுத்துப் போனாள். காலனிக்காரியான குப்பாயி பழக்கத்தில் தரையில் உட்காரப் போக, தோளைப் பிடித்துத் தன் பக்கத்து நாற்காலியில் அமர்த்தினாள். முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

“கழுத்து சுளுக்கிக்குமுங்க, முன்னால பாருங்க” என்றாள் நாயகி.

மழைமானி ஒன்று கொடுத்தார்கள். நாயகி அதை ஆடு முட்டாமல் முள்வேலி போட்டு, மாப்பிள்ளையைப் போலக் கவனித்தாள். பயிற்சி கொடுத்த மோனிஷா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்: இருபத்தைந்து மில்லிமீட்டர் பெய்தால் மறுநாளே விதையுங்கள், ஆடிக்காற்று ஈரத்தை விட்டுவைக்காது.

ஆடி ஏழில் முப்பத்தொன்று பெய்தது. மறுநாள் விடியும்போதே ஏர் வந்தது. எட்டுப் பெண்களோடு குப்பாயியும் வந்தாள். நாயகி மட்டும் விதைக்கூடையைத் தொடாமல் நின்றாள்.

அந்தக் குடும்பத்தில் தாலி அறுக்காத வீட்டுப் பெண்தான் முதல் பிடி விதை போடவேண்டும். அண்ணி இறந்தபின் அது அண்ணன் மகள் சுகன்யாவின் வேலை. போன தையில் அவளை அயோத்தியாப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. மாமியாருக்குக் காய்ச்சல், நாளைக்கு வாரேன் அத்தை என்று போனில் சொல்லியிருந்தாள்.

“ஏனுங்க அம்மிணி, உங்க கை போதாதுங்களா?” என்றாள் குப்பாயி.

“என் கை ஆகாதுக்கா. ஏற்கெனவே பொய்ச்ச காடு.”

“மூணு வருசமும் போட்டது சுகன்யா கைதானுங்களே.”

நாயகி விதைக்கூடையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“என்னையச் சேர்ல உக்கார வெச்ச கைங்க அது” என்றாள் குப்பாயி, மெதுவாக.

நாயகி அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஊரையே எதிர்த்துப் பேசுகிறவளால் தன் கையை நம்ப முடியவில்லை.

நாளை என்றது மூன்று நாளாயிற்று. சுகன்யா பூவும் பொட்டுமாக வந்து முதல் பிடி போட்டபோது காற்று புழுதியை வாரி எல்லார் கண்ணிலும் போட்டது. சாலுக்கு நாலைந்து செடிதான் முளைத்தது. தீர்த்தகிரி ஒரு நாள் கோழிக்கொட்டகை போடுகிறவரைக் கூட்டிவந்து காட்டை அளந்தார்.

அதற்கு அடுத்த வாரம் மோனிஷா பார்வையிட வந்தாள். மழைக் கணக்கு சரியாக இருக்கிறதே, விதைக்க ஏன் தாமதம் என்று நோட்டை விரித்துக் கேட்டாள்.

“ஆள் கெடைக்கலீங்க” என்றாள் நாயகி.

சொன்னபிறகுதான், பக்கத்துச் சாலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த குப்பாயியைப் பார்த்தாள். குப்பாயி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“ஆமாங்க. நாந்தானுங்க வரல. வேற காட்டுக்குப் போயிட்டேன்.”

மோனிஷா எழுதிக்கொண்டாள். பிறகு காலத்தில் விதைப்பதன் அருமையைக் குப்பாயிக்குப் பொறுமையாக விளக்கினாள். குப்பாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நாயகி குனிந்து களை பிடுங்கிக்கொண்டே போனாள். கையில் வந்தது கடலைச்செடி என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.